காதில் பூணூல்

கச்சேரி ரோட்டிலிருந்து பிரியும் சந்துகளில் ஒன்றில் அந்த வீடு இருந்தது. ஏழு குடித்தனம், நடுவில் ஒரு முற்றம், முற்றத்தில் ஒரு அடிபம்பு, பின்கட்டில் ஒரு கக்கூஸ், அதை ஒட்டி ஒரே ஒரு குளியலறை. வீட்டுக்காரர் அமிஞ்சிக்கரையில் இருந்துகொண்டு வாடகை வாங்க மட்டும் வருவார். மற்ற வழக்குகளைக் குடித்தனக்காரர்களே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். அவற்றில் முக்கால்வாசி அந்தக் குளியலறை வாசலில் பிறந்தவை. காலை வேளையில் உள்ளே போன ஆள் கொஞ்சம் தாமதித்தால் வெளியே வாளி இடிபடும். அதற்கும் அசையாவிட்டால் கதவு இடிபடும். இதில் மகா கெட்டிக்காரர் முன் போர்ஷன் சுப்புராயன். ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். கதவு தட்டுவதில் மட்டும் அவர் இன்னும் ஓய்வு பெறவில்லை.

கடைசி போர்ஷன் ஜானுவுடையது. ஒரு அறை, ஒரு சமையல் மூலை. புருஷன் வேம்பு கல்யாண சமையல் கோஷ்டியில் கரண்டி பிடிக்கிறவன். முகூர்த்த மாதங்களில் தி.நகர் மண்டபங்களிலேயே படுத்து எழுந்திருப்பான். அவள் கோடையில் வடாமும் மற்ற நாட்களில் அப்பளமும் இட்டுக் கடைகளுக்குப் போடுவாள். ஒரே பிள்ளை கிரீஷ். எட்டு வயசு முடிந்து ஒன்பது நடக்கிறது. துறுதுறுவென்று இருப்பான், கணக்கில் புலி. பார்க்கிறவர்களுக்கு அவனிடம் ஒரு குறையும் தெரியாது. தெரியக் கூடாது என்பதற்காகத்தான் அவர்கள் திருவல்லிக்கேணியை விட்டு இங்கே வந்ததே.

கிரீஷ் மலம் போகும் வழி இல்லாமல் பிறந்த குழந்தை. பிறந்த மறுநாளே மலம் வெளியேற வயிற்றில் துளை போட்டார்கள். பிறகு பின்பக்கம் வழி அமைத்தார்கள். அது ஆறியதும் வயிற்றுத் துளையை மூடினார்கள். அதுவரை அந்தத் துளையில் துணி வைத்துக் கட்டி, அவிழ்த்து, அலசி, உலர்த்தி, ஜானு ஒரு தனி ஆயுளே வாழ்ந்து முடித்துவிட்டாள். திருவல்லிக்கேணியில் கொடியில் தொங்கும் துணியைப் பார்த்தே எல்லோருக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. பையன்கள் அவனுக்கு ஒரு பேர் வைத்தார்கள். அந்தப் பேரை ஜானு இன்றுவரை வாயால் சொன்னதில்லை.

"புது ஆத்துல ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடப்படாது" என்று வேம்பு கண்டிப்பாகச் சொல்லித்தான் சாமான்களை ஏற்றினான். "நான் பத்துப் பேர் எலைல சாதம் போடறவன். ஆத்துல இப்படி ஒரு பிள்ளைன்னு தெரிஞ்சா எவன் என்னை அடுப்படில நிக்க விடுவான்?"

இங்கே வந்து ஒரு வருஷம் நிம்மதியாகத்தான் போயிற்று. மலம் ஒழுங்காகப் போகிறது, கண்டம் தாண்டிவிட்டது என்று அவள் கபாலீஸ்வரர் கோயிலில் அர்ச்சனைகூடச் செய்தாள். அப்புறம் மாதம் ஒரு காய்ச்சல் வர ஆரம்பித்தது. டிரவுசர் எப்போதும் லேசாக நனைந்திருந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா பொறுமையாக விளக்கினாள். இப்படிப் பிறக்கும் குழந்தைகளில் சிலருக்கு முதுகெலும்பின் அடி நுனி சரியாக வளராது, அங்கிருந்து மூத்திரப்பைக்குப் போகும் நரம்பும் சோம்பிப்போகும். பை நிறையும், தானாகக் காலியாகாது. வழிகிற சொட்டுகளைப் பார்த்து ஒண்ணுக்குப் போகிறான் என்று நாம் நினைத்துக்கொள்வோம். உள்ளே தேங்கினது மேலே ஏறிக் கிட்னியைத் தின்றுவிடும். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் மெல்லிய குழாயை மூத்திர வழியில் செலுத்திக் காலி பண்ண வேண்டும். எவ்வளவு நாளைக்கு என்று ஜானு கேட்டாள். ஆயுசு பூராவும் என்று வைத்துக்கொள்ளுங்கள், பழகிவிடும் என்றாள் டாக்டரம்மா.

முதலில் ஜானுதான் போட்டுவிட்டாள். அறைக் கதவைச் சாத்தி, புடவையைத் திரையாகக் கட்டி, கீழே வாளி வைத்து. குழாயைத் தனி ஸ்டவ்வில் கொதிக்க வைத்து ஒரு சின்னச் சம்புடத்தில் போட்டு வைப்பாள். மாசி மாதம் பூணூல் போட்டார்கள். அதற்கு அப்புறம் பிள்ளை அவளைத் தொட விடவில்லை. "நானே போட்டுக்கறேன். ஆஸ்பத்திரில சிஸ்டர் சொல்லிக் குடுத்திருக்கா. எல்லாரையும் போல பாத்ரூமுக்குப் போறேன்" என்றான். டாக்டரம்மாவும் அதுதான் நல்லது என்றாள். சம்புடத்தைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்வான்.

பூணூலன்று வாத்தியார் சொன்னது எதை மறந்தாலும் ஒன்றை மட்டும் கிரீஷ் மறக்கவில்லை. ஒண்ணுக்குப் போகும்போது பூணூலை வலது காதில் மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டிக்கொண்டு போவான். மாட்டிக்கொண்டே வெளியே வருவான். அடிபம்பில் கால் அலம்பி, வாய் கொப்பளித்து, அப்புறம்தான் எடுத்துவிடுவான். மற்ற பையன்கள் பூணூலை ஆணியில் மாட்டிவிட்டு கிரிக்கெட் ஆடப் போகிற காலத்தில் இது வீடு முழுக்கப் பேச்சாயிற்று. எல்லோரிலும் அதிகம் உச்சி குளிர்ந்தவர் சுப்புராயன்தான். "பிள்ளையைப் பாருங்கோ, எவ்வளவு ஆசாரம்! நம்ம மதுவந்திக்கு ஒரு தம்பி பொறந்தா இப்படி இருக்கணும்" என்று தன் பேத்தியைக் காட்டிச் சொல்வார். சொல்லிவிட்டு மறுநாள் காலை அதே பிள்ளை உள்ளே இருக்கும்போது கதவைத் தட்டுவார்.

ஜானுவும் உச்சி குளிர்ந்துதான் போயிருந்தாள். கூழ் கிளறிக்கொண்டே நிமிர்ந்து பார்ப்பாள். பிள்ளையின் காதில் பூணூல் தெரியும். ஆயிற்று, ஒரு வேளைக் கண்டம் கழிந்தது என்று மறுபடி துடுப்பைப் பிடிப்பாள்.

வைகாசியில் வெயில் மண்டையைப் பிளந்தது. ஜானு விடிவதற்குள் ஜவ்வரிசிக் கூழ் கிளறி, பச்சை மிளகாய் அரைத்து விட்டு, எலுமிச்சை பிழிந்து, மொட்டை மாடியில் வேட்டியை விரித்து வடாம் இட உட்கார்ந்துவிடுவாள். வெயில் ஏறுவதற்குள் இட்டு முடிக்க வேண்டும். காக்காய் ஓட்ட கிரீஷ் வருவான். வந்தால் பாதிக் கூழ் அவன் வயிற்றுக்குத்தான். அதற்கென்றே ஒரு கிண்ணம் கூடுதலாகக் கிளறுவாள்.

அன்று அவன் தண்ணீர்த் தொட்டி நிழலில் சுருண்டு படுத்திருந்தான்.

"கூழ் வேணுமாடா?"

"வேண்டாம்."

"ஏன், காரம் ஜாஸ்தியா?"

"வேண்டாம்னா விடேன்."

அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நெற்றியைத் தொட்டாள். வெயிலில் கிடந்த தரையைவிட அது சூடாக இருந்தது.

"காலம்பற போனியா?"

"போனேன்."

"குழாய் போட்டியா?"

"போட்டேம்மா. எத்தனை தடவை கேப்பே?"

தொப்புளுக்குக் கீழே கை வைத்தாள். தேங்காய் மாதிரி கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. லேசாக அழுத்தியதற்கே அவன் அலறினான். அந்தச் சத்தத்தில் மாடியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன. வடாம் போனால் போகிறதென்று அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். பாதிப் படியில் அவன் அவள் முதுகில் வாந்தி எடுத்தான்.

முற்றத்தில் சுப்புராயன் எதிர்ப்பட்டார். "என்னடி ஜானு, பிள்ளைக்கு என்ன?"

"ஜுரம் மாமா."

"வெயில்ல சூடு பிடிச்சிண்டிருக்கும். கீழ படுக்க வை. மதுவந்தி, உள்ள போய் மோர் கொண்டு வாடி, பெரிய டம்ளர்ல. நன்னா நீர் பிரிஞ்சா ஜுரம் பறந்துடும்."

"வேண்டாம் மாமா, ஆஸ்பத்திரிக்கு..."

"எடுத்ததுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா? ரெண்டு டம்ளர் மோர், கொஞ்சம் உப்பு. நான் சொல்றதைக் கேளு."

மதுவந்தி மோரைக் கொண்டுவந்து நீட்டினாள். அவளுக்கும் கிரீஷ் வயசுதான். சுப்புராயன் டம்ளரை வாங்கிப் பிள்ளையின் வாயருகே கொண்டுபோனார். கிரீஷ் உதட்டை இறுக மூடிக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். போக வழியில்லாத இடத்தில் இன்னும் ஊற்றச் சொல்கிறார் மனுஷர். ஏன் கூடாது என்று அவளால் சொல்லவும் முடியவில்லை. டம்ளரைப் பிடுங்கிக் கீழே வைத்தாள். வைத்த வேகத்தில் மோர் அவர் வேட்டியில் தெறித்தது.

"ரொம்பத் திமிராப் போச்சு உனக்கு" என்றார் சுப்புராயன். அவள் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தாள்.

சந்து முனையில் ஆட்டோக்காரன் கபாலி வண்டியோடு நின்றான். "இன்னாம்மா ஆச்சு புள்ளைக்கு? ஏறு, ஏறு" என்று வண்டியை இழுத்துக் கிளப்பினான்.

ராயப்பேட்டை தாண்டும்வரை சாலை பூராவும் குண்டும் குழியும். ஒவ்வொரு தூக்கிப்போடலுக்கும் கிரீஷ் பல்லைக் கடித்தான். "மெதுவாப் போப்பா" என்றாள் ஜானு. கொஞ்ச தூரம் போனதும் அவன் கண் செருகுவதைப் பார்த்து "வேகமாப் போயேன்" என்றாள்.

"வேகமா போனா ஆட்டம் தாங்கமாட்டேங்குது, மெதுவா போனா டைம் ஆவுது. இன்னா பண்ண சொல்ற நீ?" கபாலி திரும்பிப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் இறங்கிவிட்டது. "சரி சரி, அழாத. பள்ளம் இல்லாத ரூட்டா பாத்து போய்க்கினே கீறேன். வூட்டுக்காரர் எங்க கீறாரு?"

"தி.நகர்ல கல்யாண மண்டபத்துல."

"எந்த மண்டபம்னு சொல்லு. உன்னை எறக்கிவுட்டு நானே போய் இட்டாறேன்."

ஆஸ்பத்திரியில் நல்லவேளையாக அந்த டாக்டரம்மாவே இருந்தாள். வயிற்றைத் தொட்டவள் ஒரு வார்த்தை பேசாமல் குழாயை வாங்கிச் செலுத்தினாள். கலங்கலாக, நாற்றமடித்துக்கொண்டு, நிற்கவே நிற்காமல் வந்தது. கையில் ஊசி, பாட்டில், மருந்து எல்லாம் ஏற்றிய பிறகுதான் அவள் ஜானு பக்கம் திரும்பினாள்.

"வீட்ல குழாய் போடறானா இல்லையா?"

"போடறான் டாக்டர். ஒரு வேளைகூடத் தவறினதில்லை."

"நீங்க பாத்தீங்களா?"

"தினம் என் கண்ணால பாக்கறேன். பூணூலைக் காதுல மாட்டிண்டு போவான், மாட்டிண்டே வருவான்."

டாக்டரம்மா அவளையே பார்த்தாள். "காதுல பூணூல் இருந்தா உள்ள குழாய் போச்சுன்னு அர்த்தமா?"

ஜானு திரும்பிக் கட்டிலைப் பார்த்தாள். கிரீஷ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். அந்த ஒரு திருப்பலில் எல்லாம் அவளுக்கு விளங்கிவிட்டது. எத்தனை நாள், எத்தனை வேளை என்று நினைக்கவே பயமாக இருந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு பக்கத்துக் கிட்னி வீங்கியிருக்கு. இந்தத் தடவை காப்பாத்திடலாம்" என்றாள் டாக்டரம்மா. "இன்னொரு தடவை இப்படிக் கொண்டு வந்தீங்கன்னா நான் ஒண்ணும் சொல்ல முடியாது. வெளையாட்டுக்குச் சொல்லலை."

மறுநாள் மத்தியானம் காய்ச்சல் இறங்கியது. ஜானு பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டினாள். திட்டக் கூடாது என்று காலையிலிருந்து தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள்.

"ஏன்டா போட்டுக்கலை?"

அவன் மென்றுகொண்டே இருந்தான்.

"வலிக்கறதா?"

"மாமா தட்டறார்."

"தட்டினா என்ன? தட்டிட்டுப் போறார்."

"தட்டறச்சே கை நடுங்கறது. அப்ப உள்ள போகமாட்டேங்கறது. குத்தறது. ரத்தம்கூட வந்தது ஒருநாள்."

"எங்கிட்ட வந்து சொல்லப்படாதா? மாமாகிட்டயே சொல்லியிருக்கலாமே, நாழியாகும்னு?"

"ஏன் நாழியாகும்னு கேப்பார். என்ன சொல்றது? நீதானே யார்கிட்டயும் சொல்லப்படாதுன்னு சொன்னே."

ஜானு கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தாள். "அப்பறம் எதுக்குடா காதுல மாட்டிண்டு வந்து என்னை ஏமாத்தினே?"

"ஏமாத்தலை" என்று அவன் கோபமாக நிமிர்ந்தான். "ஒண்ணுக்குப் போனேன். முக்கினா கொஞ்சம் வரும். போனாக் காதுல மாட்டிக்கணும்னுதானே வாத்தியார் சொன்னார்? நான் பொய் பண்ணலை."

அவளுக்கு அவனை அடிக்கவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இன்னொரு துண்டு ரொட்டியைப் பாலில் நனைத்தாள்.

வேம்பு முந்தின நாள் கபாலியின் ஆட்டோவில் வந்தவன் போகவே இல்லை. முகூர்த்தத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருந்தான். வேட்டியில் நெய்யும் புகையும் மணத்தது. பிள்ளை தூங்கியதும் ஜானு அவனை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பழையபடி ரூம்லயே நீ போட்டு விட்டுடு" என்றான் வேம்பு.

"என்னைத் தொட விடமாட்டேங்கறான். அவனுக்கு ஒம்போது வயசாறது. அப்பறம் ஸ்கூல்ல யார் போடுவா? நானா போய் நிக்கறது?"

"அப்ப வேற ஆம் பாக்கலாம். தனி பாத்ரூமா."

"நம்ம சம்பாத்தியத்துக்குத் தனி பாத்ரூமா? எந்த ஆத்துக்குப் போனாலும் கதவைத் தட்டறதுக்கு ஒரு சுப்புராயன் இருப்பார். ஏன்னா, நான் சொல்றதைக் கேளுங்கோ. அவாகிட்ட சொல்லிடலாம்."

"பைத்தியமா உனக்கு?"

"இல்லை."

"ஒருத்தருக்குச் சொன்னா கோயில் குளத்தைச் சுத்தி அத்தனை பேருக்கும் தெரியும். பெரிய ஆத்துக் கல்யாணத்துல என்னைக் கூப்பிடுவாளா? நாளைக்கு அவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

"பொண்ணு குடுக்கறதுக்கு அவன் இருக்கணுமே."

வேம்புவுக்குச் சட்டென்று கோபம் வந்தது. "வாயைக் கழுவு" என்றான். அவள் விடவில்லை.

"நம்ம மானத்துக்காகத்தான் அவன் வாயை மூடிண்டிருந்தான். ரத்தம் வந்திருக்கு, சொல்லலை. சொல்லப்படாதுன்னு நாமதானே வாயைக் கட்டினோம்? நான் கட்டினேன், நீங்க கட்டினேள். அவன் சமத்து, கேட்டுண்டான்."

வேம்பு வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எனக்கு இது பிடிக்கலை ஜானு" என்றான். சம்மதம் என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலை. அடிபம்பில் தண்ணீர் அடிக்கும் சத்தம், யார் வீட்டிலோ குக்கர், பால்காரர் மணி. கிரீஷ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு குளியலறைக்குள் போனான். ஜானு பின்னாலேயே வந்து மூடிய கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். வாளிகள் வந்தன. ஒன்றன்பின் ஒன்றாக நாலைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். சுப்புராயன் மடி வேட்டியோடு முன்னால் வந்தார். மோர்க் கோபம் இன்னும் முகத்தில் இருந்தது.

"யாரு உள்ள?"

"கிரீஷ், மாமா."

"சீக்கிரம் வரச் சொல்லு. எனக்கு ஜபத்துக்கு நாழியாறது."

"நாழியாகும் மாமா."

"ஒண்ணுக்குப் போறதுக்கு எத்தனை நாழி? நகரு." அவர் கதவைத் தட்டக் கையை ஓங்கினார். ஜானு நகரவில்லை. அந்தக் கை அவள் தோளுக்கு அருகில் அந்தரத்தில் நின்றது.

"தட்டாதீங்கோ மாமா. தட்டினா அவனுக்குக் கை நடுங்கும். உள்ள அவன் குழாய் போட்டுண்டிருக்கான்."

"என்ன குழாய்?"

"மூத்திரம் எடுக்கற குழாய். அவனுக்கு மத்தவா மாதிரி தானாப் போகாது. பொறக்கறச்சேயே பின்பக்க வழி இல்லாமப் பொறந்தான். ஆபரேஷன் பண்ணி வழி வச்சா. ஆனா நரம்பு சரியில்லை, பை காலியாகாது. தேங்கினா கிட்னி போயிடும். அன்னிக்கு அதான் ஆச்சு. நீங்க தட்டறேள்னு பயந்துண்டு அவன் போட்டுக்காமயே வெளில வந்திருக்கான், தினம் தினம்."

ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அடிபம்புச் சத்தம் நின்றிருந்தது. மதுவந்தி பல் தேய்த்த வாயோடு அப்படியே நின்றாள். வரிசையில் நின்ற ஒரு மாமி, "ஐயையோ, இந்த பாத்ரூம்லதானே நாமளும்..." என்று பக்கத்து மாமியிடம் ஆரம்பித்தாள்.

"தினம் நான் அலம்பி விடறேன்" என்றது ஒரு குரல். வேம்பு பின்னால் வந்து நின்றிருந்தான். அவன் முகம் வெளிறியிருந்தது. "பினாயில் ஊத்தி நானே தேச்சு அலம்பறேன் மாமி. அவனை மட்டும் யாரும் அவசரப்படுத்தாதீங்கோ."

சுப்புராயன் கையை இறக்கினார். அவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை, அதனால் கோபப்பட்டார். "இதை முன்னாடியே சொல்லப்படாதா? நான் என்ன ராட்சசனா? பிள்ளை வாய்ல மோரை வேற கொண்டுபோய்..." குரல் உடைந்தது. வாளியைத் தூக்கிக்கொண்டு வேகமாக முற்றத்துக்குப் போய் அடிபம்படியிலேயே குளிக்க உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஒரே சீராக, நெடுநேரம். ஜானு கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வெளியே நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள்.

தாழ்ப்பாள் திறந்தது. கிரீஷ் யாரையும் பார்க்கவில்லை. மதுவந்தி நின்ற பக்கம் மட்டும் ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். கண் சிவந்திருந்தது. அம்மாவின் அருகில் வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டியோன்னோ? இனிமே நான் உன்னோட பேசவே மாட்டேன்."

"பேச வேண்டாம்டா" என்றாள் ஜானு. "நீ இருந்தாப் போறும்."

சொன்னபடியே அவன் பேசவில்லை. பள்ளிக்கூடம் திறந்த பிறகும் பேசவில்லை. பசித்தால்கூட அப்பாவிடம் சொல்லித்தான் கேட்டான். அவள் சாதத்தைப் பிசைந்து வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள். வேளை தவறாமல் குளியலறைத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்கும். ஒவ்வொரு தடவையும் அவன் வெளியே வர வெகு நேரம் ஆயிற்று.